வேலைக்கு ஏற்ற உடை: நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருவது?

(சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி, உறுப்பினர் குடும்பங்களின் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கல்விக்குழு எங்களிடம் கொடுத்த தலைப்பு உடை. வங்கி, நிதி, கணக்காய்வு, வணிகம் என்று வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகள் எப்படி உடுத்த வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். "கடைக்காரர்களை மேடையில் ஏற்றினால் துணியைத்தான் பேசுவார்கள்" என்று முன்வரிசையில் சில பெரியவர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரித்தாலும் சரி, இதை யாராவது பேசியாக வேண்டும். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் குடும்பங்களில் பெரும்பாலானவை கடையால் வளர்ந்தவை. மாமாக் கடை, சாப்பாட்டுக் கடை, துணிக்கடை, பணமாற்றுக் கடை. அத்தாவோ வாப்பாவோ காலையில் கைலியை மாற்றிச் சட்டை போட்டுக்கொண்டு கடை திறக்கப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வங்கி அதிகாரியின் வீட்டுப் பிள்ளைக்கு டை கட்டுவது எப்படி, எந்தச் சப்பாத்துக்கு எந்த பெல்ட் என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. தகப்பனைத் தினமும் பார்க்கிறது, தெரிந்துகொள்கிறது. நம் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. நன்றாகப் படிக்கிறது, நேர்காணலுக்கு அழைப்பும் வருகிறது. முதல் நாள் இரவு பத்து மணிக்கு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன போடுவதென்று தெரியாமல் நிற்கிறது. அத்தாவிடம் கேட்டால், "சுத்தமா இருந்தா போதும் வாப்பா" என்கிறார். அவர் சொல்வது சரிதான், ஆனால் பிள்ளைக்கு அது போதவில்லை.

இதனால் இரண்டு விதமான நஷ்டம் வருகிறது. சிலர் பயத்தில் கடன் அட்டையைத் தேய்த்து, உடம்புக்குப் பொருந்தாத விலையுயர்ந்த கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வேறு சிலர், "ஷென்டன் வே எல்லாம் நமக்குப் பழக்கமில்லாத இடம்" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது நஷ்டத்தை நினைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறோம். நாங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் வாங்கிவிட்டுக் கடைக்கு வந்த தலைமுறை. வங்கியில் கடன் கேட்டு மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறோம், ஆள் எடுக்க அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பக்கமும் பார்த்ததைச் சொல்கிறோம்.

பெரியவர்களுக்குத் தெரிந்த வித்தை

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். நிதி வட்டாரம் நமக்குப் புதிய இடமில்லை. ஜாமிஆ சூலியா பள்ளி சவுத் பிரிட்ஜ் ரோட்டிலும், குச்சுப்பள்ளி என்று நம்மவர்கள் அழைத்த அல் அப்ரார் பள்ளி தெலுக் ஆயரிலும் 1820களிலேயே தொடங்கியவை. அதே தெலுக் ஆயரில் நாகூர் தர்கா 1830இல் கட்டி முடிந்தது. இந்த மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. வங்கிக் கோபுரங்கள் பிறகு வந்தவை. நம் முன்னோர் கரை இறங்கி, வணிகம் செய்து, தொழுத இடத்தைச் சுற்றித்தான் அவை எழுந்து நிற்கின்றன. ராஃபிள்ஸ் பிளேஸில் யூஓபி பிளாசாவின் அடித்தளத்திலேயே மௌலானா முகம்மது அலி பள்ளிவாசல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். டை கட்டியவரும் கடைப் பையனும் ஒரே சஃப்பில் நிற்பார்கள்.

1989இல் மூடப்படும்வரை சேஞ்ச் ஆலி சந்தில் பணமாற்றுத் தொழில் செய்த நம் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டுக்காரர், முன்பின் தெரியாத ஒருவர் கையில் தன் பணத்தைக் கொடுக்க வேண்டும். அவருக்கு இவருடைய குலமும் தெரியாது, குணமும் தெரியாது. துவைத்த சட்டை, வாரிய தலை, வெட்டிய நகம், சுத்தமான கை, நேரான பார்வை, இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் பணம் கை மாறியது. நம் பெரியவர்கள் இதற்கு எந்த வகுப்புக்கும் போனதில்லை. ஆனால், வாடிக்கையாளர் பேசுவதற்கு முன்பே நம்மைப் படித்துவிடுகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று பணமாற்றுக் கடைக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும். பெரிய வங்கியையும் அதே ஆணையம்தான் கண்காணிக்கிறது. சந்துக் கடையாக இருந்தாலும் ஐம்பது மாடி வங்கியாக இருந்தாலும் அடுத்தவர் பணத்தைத் தொடுகிற தொழில் ஒன்றுதான். அது அமானிதம். "உங்கள் பணம் என்னிடம் பத்திரமாக இருக்கும்" என்று உடம்பால் சொல்வதுதான் இந்தத் தொழிலில் உடையின் வேலை. அழகு காட்டுவது, பணக்காரத்தனம் காட்டுவது எல்லாம் இந்தத் தொழிலில் எடுபடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

இது பெருமை ஆகாதா?

நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு ஒரு சங்கடம் உண்டு. கோட்டும் டையும் பெருமையில் சேராதா, மார்க்கம் எளிமையைத்தானே சொல்கிறது என்று கேட்பார்கள். நல்ல உடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமை ஆகுமா என்ற கேள்வி நபி (ஸல்) அவர்களிடமே கேட்கப்பட்டது. அழகாக இருப்பதை விரும்புவது பெருமையில் சேராது என்றும், உண்மையை ஏற்க மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதும்தான் பெருமை என்றும் அவர்கள் விளக்கியதை ஆலிம்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகர். நன்றாக உடுத்துபவர் என்றும் பெயர் பெற்றவர். குறையுள்ள ஒரு துணியை, அந்தக் குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்று தெரிந்ததும், அந்தப் பணத்தைத் தர்மம் செய்துவிட்டதாக அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். வணிகர்களாகிய எங்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. நல்ல உடை உடுத்தலாம். அது உள்ளே இருக்கும் குறையை மறைக்கும் போர்வையாக மட்டும் ஆகக் கூடாது. கடன் வாங்கி உடுத்திப் பணக்காரனாக நடிப்பது அந்தப் போர்வைதான். உள்ளதை உள்ளபடி, சுத்தமாகவும் ஒழுங்காகவும் காட்டினால் போதும்.

எங்கே எதை உடுத்துவது

நிதி, வணிக வேலைகளில் பொதுவாக மூன்று படிகள் உண்டு.

முதல் படி முழுக் கோட்டு. கருநீலம் அல்லது அடர் சாம்பல் நிறத்தில் கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் இருக்கும். வெள்ளை அல்லது இளநீலச் சட்டை, டை. பெரிய வங்கி, முதலீட்டு நிறுவனம், கணக்காய்வு நிறுவனம் ஆகியவற்றின் நேர்காணலுக்கு இதுதான் பத்திரம். கன்னங்கரிய கோட்டை விடக் கருநீலம் நல்லது. வேலைக்கும் ஆகும், நிக்காஹ் விருந்துக்கும் ஆகும்.

இரண்டாவது படி, முழுக்கைச் சட்டையும் அடர்நிறக் கால்சட்டையும். டை வேண்டாம். இந்த ஊர் வெயிலுக்கு அன்றாட அலுவலக உடை பெரும்பாலும் இதுதான். மூன்றாவது படி, காலர் வைத்த சட்டை, சுத்தமான பருத்திக் கால்சட்டை. நிதித் தொழில்நுட்ப நிறுவனங்களில் இப்படி இருப்பார்கள். அங்கே டீ-சட்டை போட்டவர்களும் இருப்பார்கள். அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். உள்ளே போக வருகிறவர் ஒரு படி மேலே உடுத்திப் போவதுதான் மரியாதை. எந்தப் படி என்று தெரியவில்லையா? நேர்காணலுக்கு அழைத்தவருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்பவரை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

விலையை விட அளவு முக்கியம். விலையுயர்ந்த கோட்டு தோளில் தொங்கினால் இரவல் வாங்கியதுபோல் தெரியும். சாதாரணக் கோட்டு அளவாக இருந்தால் தைத்துப் போட்டதுபோல் தெரியும். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். தோளைப் பிறகு திருத்துவது கடினம், அதனால் வாங்கும்போதே அதைத்தான் முதலில் பாருங்கள். கை நீளம், இடுப்பு, கால்சட்டை நீளம் இவற்றைத் தையற்காரர் திருத்திவிடுவார். தேக்கா நிலையத்து மாடியில் வரிசையாகத் தையற்கடைகள் இருக்கின்றன. பேட்டைகளிலும் திருத்திக் கொடுக்கும் கடைகள் உண்டு. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையட்டும். கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக் கை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தெரியட்டும். டையின் முனை பெல்ட்டின் கொக்கியைத் தொடட்டும். கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட வேண்டாம். உட்காரும்போது எல்லாப் பொத்தானையும் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. இது சின்ன விஷயம், ஆனால் சொல்ல ஆளில்லாமல் பலர் தவறவிடுவது. புதுக் கோட்டு வாங்கினால் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போல் ஒரு நூல் தையல் இருக்கும். கடையில் தொங்கும்போது கசங்காமல் இருப்பதற்காகப் போட்டது அது. வீட்டுக்கு வந்ததும் வெட்டி எடுத்துவிட வேண்டும். கைப்பகுதியில் வெளியே தைத்திருக்கும் துண்டுச் சீட்டையும் அப்படியே பிரித்துவிட வேண்டும்.

சப்பாத்து கறுப்புத் தோலில், வேலைப்பாடு இல்லாமல் இருக்கட்டும். பெல்ட்டும் அதே நிறம். காலுறை அடர்நிறமாக, உட்காரும்போது கால் தெரியாத அளவு நீளமாக இருக்கட்டும். தேசிய சேவையில் தெக்கோங் தீவில் கற்ற பாலிஷும் இஸ்திரியும் வீணாகவில்லை, தம்பிகளே. சீருடையை மடிப்புக் கலையாமல் வைத்திருந்த அதே கை, சொந்தச் சட்டைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தால் போதும்.

வெயிலுக்கு ஒரு யோசனை. கோட்டைப் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலேற வேண்டாம். கையில் மடித்து எடுத்துப் போங்கள். உள்ளே பனியன் போட்டால் வியர்வை சட்டைக்கு வராது. கால் மணி நேரம் முன்பே போய், கீழ்த்தளத்தில் குளிர்ச்சியில் உட்கார்ந்து, முகம் கழுவி, பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுங்கள்.

மார்க்கமும் அலுவலகமும்

இனி, பொதுவான வழிகாட்டிப் புத்தகங்கள் நமக்குச் சொல்லித் தராத விஷயங்கள்.

ஆண்களுக்குப் பட்டும் தங்கமும் கூடாது என்பது மதரசாவிலேயே நமக்குத் தெரியும். ஆனால் நல்ல டை என்று கடையில் எடுத்துக் காட்டுவதில் பாதி பட்டாக இருக்கும். பின்பக்கச் சீட்டைத் திருப்பிப் படியுங்கள். பாலியெஸ்டர், கம்பளி, பருத்தி என்று போட்டிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. விலையும் குறைவு. செயற்கைப் பட்டு என்று சொல்லும் ரேயான் துணி மரக்கூழில் செய்வது, பட்டுப்பூச்சியில் வருவதில்லை. சந்தேகம் இருந்தால் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம், டை ஊசி, சட்டைக் கைப்பொத்தான் எல்லாம் வெள்ளி நிறத்தில் எஃகாக இருக்கட்டும்.

சப்பாத்து வாங்கும்போது உள்தோலைப் பாருங்கள். சில சப்பாத்துகளின் உட்புறத்தில் பன்றித்தோல் வைப்பார்கள். அந்தத் தோலில் மயிர்க்கால் துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து, சின்ன முக்கோணப் புள்ளிகள் போல் தெரியும். பெல்ட்டுக்கும் பணப்பைக்கும் இதே கவனம் வேண்டும். கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

லுஹர் தொழுகை அலுவலக நேரத்தில்தான் வரும். ஒளு செய்ய வசதியாகச் சட்டைக் கையில் சாதாரணப் பொத்தான் இருக்கட்டும். பையில் ஒரு கைத்துண்டு வைத்திருங்கள். கையைத் துடைத்துவிட்டு மடிப்பை இறக்கினால் சட்டை நனையாது. கால்சட்டையைச் சப்பாத்துக்கு மேல் தொட்டும் தொடாமலும் நிற்கிற நீளத்தில் தைக்கச் சொல்லுங்கள். மார்க்கத்துக்கும் ஒத்துவரும், இன்றைய நாகரிகமும் அப்படித்தான் இருக்கிறது. சுலபமாகக் கழற்றி மாட்டும் சப்பாத்து ஜும்ஆவுக்கு வசதி. ஓட்டைக் காலுறையை அன்றே தூக்கிப் போடுங்கள். மேலதிகாரியும் அதே பள்ளிக்கு வரலாம்!

தாடி வைப்பவர்கள் தாராளமாக வையுங்கள். கழுத்தோரத்தைச் சீராக்கி, சீவி, ஒழுங்காக வையுங்கள். அத்தர் போட்டுக்கொள்வது நமக்கு சுன்னத்து. ஆனால் நாலாவது மாடியில் ஏறியவரின் ஊது வாசனை நாற்பதாவது மாடிவரைக்கும் மின்தூக்கியில் நிற்கக் கூடாது. ஒரு சொட்டு போதும். அம்மாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருவாடு பொரிக்கிற நாளில், பிள்ளையின் இஸ்திரி போட்ட சட்டை தொங்கும் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். பருத்தித் துணி வாசனையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

சகோதரிகளுக்கு

இந்தப் பகுதியை எங்கள் சொந்த அறிவில் சொல்லவில்லை. வங்கியிலும் கணக்காய்விலும் வேலை பார்க்கும் நம் சங்கத்துச் சகோதரிகளிடம் கேட்டு எழுதி வந்திருக்கிறோம்.

தொடைவரை இறங்கும் நீண்ட சட்டை, அகலக் கால்சட்டை, மேலே ஒரு கோட்டு. அல்லது கணுக்கால்வரை நீண்ட பாவாடையுடன் கோட்டு. அல்லது ஒரே நிறத்து பாஜு கூரோங்கின் மேல் கோட்டு. இந்த மூன்றும் நிதித்துறை அலுவலகங்களில் நன்றாகவே எடுபடுகின்றன என்கிறார்கள். முக்காடு பளபளப்பில்லாத ஒரே நிறத்தில், கோட்டின் நிறத்தோடு ஒத்துப்போவதாக இருக்கட்டும். உள்ளே பருத்தித் தொப்பி வைத்தால் அடிக்கடி கை வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்காது. பேச்சின் நடுவே கை தலைக்குப் போனால் பதற்றம் போலத் தெரியும். வெள்ளைச் சட்டை வாங்கினால் அலுவலக வெளிச்சத்தில் நிழல் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். குதிகால் தாழ்வான சப்பாத்து, கோப்பு மடங்காமல் நுழையும் பை, இவை இருந்தால் போதும்.

ஒரு தங்கை எங்களிடம் கேட்டார்: "அண்ணன், தூடோங் போட்டுக்கிட்டுப் போனா வேலை கிடைக்குமா? நேர்காணலுக்கு மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. என்ன செய்ய?"

இது உடையைப் பற்றிய கேள்வி மட்டுமில்லை, அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றிய கேள்வி. எங்களால் முடிந்த பதில் இதுதான். வேலையில் சேர்ந்த முதல் நாள் எப்படிப் போவீர்களோ அப்படியே நேர்காணலுக்கும் போங்கள். நேர்காணலுக்காக எடுத்தால், சேர்ந்த பிறகு போட ஒருநாள் தைரியம் வேண்டியிருக்கும். அந்த ஒருநாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். எல்லாக் கதவும் திறக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க மாட்டோம். வாயால் சொல்லாமல் மறுக்கிற இடங்களும் இருக்கலாம். ஆனால் நாடு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனைத் தாதியர் 2021 நவம்பர் முதல் தூடோங் அணியலாம் என்று ஆனது. இந்திய முஸ்லிம் தகப்பனுக்குப் பிறந்த திருமதி ஹலிமா யாக்கோப் 2017 முதல் 2023 வரை தூடோங்குடன்தான் இந்த நாட்டின் அதிபராக இருந்தார். மதத்தைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதற்கு எதிரான வேலையிட நியாயச் சட்டத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கதவைத் தட்டும்போது உங்கள் உடை ஒழுங்கில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி போங்கள். பிறகு மறுப்பவருக்குச் சொல்லக் காரணம் இருக்காது.

கை குலுக்குவது பற்றியும் கேட்டார்கள். எதிர்பாலர் கை நீட்டுமுன் நீங்களே வலது கையை நெஞ்சில் வைத்து, தலை தாழ்த்தி, சிரித்து வணக்கம் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவருக்குச் சங்கடம் வராது. இது தம்பிகளுக்கும் பொருந்தும்.

செலவும் சங்கமும்

தொடக்கத்தில் இவ்வளவு போதும்: ஒரு கருநீலக் கோட்டும் அதே துணிக் கால்சட்டையும், இன்னொரு அடர்நிறக் கால்சட்டை, வெள்ளையில் மூன்று சட்டை, இளநீலத்தில் இரண்டு, ஒரு டை, ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு பெல்ட். ஐந்து நாள் வேலைக்கு ஐந்து சட்டை. சனிக்கிழமை துவைத்து, ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்டுவிட்டால் வாரம் முடிந்தது. மலிவு விற்பனையில் வாங்குங்கள், திருத்தித் தைத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் வருமுன் தவணையில் எதுவும் வாங்காதீர்கள். வட்டி வேலை தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிடும்.

இந்தச் செலவும் முடியாத குடும்பங்கள் நமக்குள் இருக்கின்றன. அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். எனவே பொன்விழாவை ஒட்டிச் சங்கத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம்.

சங்க அலுவலகத்தில் ஓர் அலமாரி வைப்போம். நல்ல நிலையில் இருக்கும் கோட்டு, முழுக்கைச் சட்டை, டை, பெண்களுக்கான கோட்டு ஆகியவற்றைச் சலவை செய்து, அளவு எழுதித் தொங்கவிடுவோம். நேர்காணலுக்குப் போகும் பிள்ளை ஒரு வாரத்துக்கு எடுத்துப் போகலாம். பெயர் எழுதும் ஏடு ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும். யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று யாரும் பேசக் கூடாது. நம் உறுப்பினர்களில் தையல் தொழில் செய்பவர்கள் மாதம் ஒரு மாலை வந்து அளவு பார்த்துக் கொடுக்கட்டும். அலுவலக வேலையில் இருக்கும் அண்ணன்களும் அக்காமார்களும் அதே மாலையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நேர்காணல் போலவே கேள்வி கேட்டுப் பழக்கிவிடட்டும். எங்கள் வணிக நண்பர்கள் சேர்ந்து முதல் பத்துக் கோட்டுகளை, ஐந்து ஆண்களுக்கும் ஐந்து பெண்களுக்குமாக, தருகிறோம் என்று இந்த மேடையில் சொல்லிக்கொள்கிறோம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள், ஊரிலிருந்து தனியாக வந்தவருக்குத் தங்க இடம், மையித்துக்குக் கஃபன் துணி, பிள்ளைக்குப் புத்தகம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அன்றைய தேவை அது. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குச் சொல்லித்தருவது இன்றைய தேவை. டை முடிச்சு போடக் கற்றுக்கொடுப்பது சிறிய காரியமாகத் தெரியலாம். அந்தப் பிள்ளைக்கு அது சிறிய காரியம் இல்லை.

பெற்றோர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. பிள்ளை கோட்டுப் போட்டு நிற்கும்போது, "எங்களை மறந்துடாதே" என்று கண் கலங்காதீர்கள். கடையில் நீங்கள் துவைத்துப் போட்ட அந்தச் சட்டையின் தொடர்ச்சிதான் இது. பிள்ளைகளே, உங்களைப் பார்க்க அத்தா கைலியோடு அலுவலக வாசலுக்கு வந்தால், நண்பர்களிடம் "இவர்தான் எங்க அத்தா" என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கோட்டும் உங்களுக்குப் பொருந்தாது.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கையும், நம்பிக்கைக்கு உரிய கைகளையும், பெற்றோரைக் கண்ணியப்படுத்தும் உள்ளத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.